தேக்கில் பிழைத்த ‘திருகோணமலை’

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்லிபூல் என்றொரு துறைமுக ஊர். அங்கே திருகோணமலையின் பெயர் தாங்கிய பாய்மரப் போர்க்கப்பல் ஒன்று இன்றும் தண்ணீரில் நிற்கிறது: எச்.எம்.எஸ். டிரிங்கோமாலி. 1782-ல் திருகோணமலைக்கு அருகே பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் மோதிய போரின் நினைவாக வைத்த பெயர். மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் இதுதான் மூத்தது. இத்தனைக்கும் பெரிய கடற்போர் எதையும் இது பார்த்ததில்லை. எனக்கு இதில் பிடித்தது அதன் மரம்.

நெப்போலியனோடு நடந்த நீண்ட போரில் பிரிட்டனுக்கு ஓக் மரம் பற்றாக்குறையானது. பம்பாயில் பார்சிகளான வாடியா குடும்பத்தினர் மலபார் தேக்கில் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்கள். (‘டீக்’ என்ற ஆங்கிலச் சொல்லே நம் பக்கத்துத் ‘தேக்கு’, போர்ச்சுக்கீசியர் வாய்வழி போனதுதான்.) 1816-ல் ஜாம்செட்ஜி பொமன்ஜி வாடியா இந்தக் கப்பலின் வேலையைத் தொடங்கினார். கப்பலின் முதுகெலும்பு போன்ற ஏராக் கட்டையில் வெள்ளி ஆணி அடித்துச் சடங்கு செய்தார்கள். 1817 அக்டோபர் 12-ல் கப்பல் கடலில் இறங்கியது.

சரி, தேக்கில் அப்படி என்ன இருக்கிறது? புதிதாக இழைத்த பலகையைத் தடவிப் பாருங்கள், விரலில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். பசை போடுமுன் தச்சர்கள் தின்னர் தொட்டுத் துடைப்பது இதனால்தான். வைரம் பாய்ந்த பகுதியில் இந்த எண்ணெயோடு கொஞ்சம் ரப்பரும் இருப்பதால் தண்ணீர் எளிதில் உள்ளே இறங்காது. பலகை ஊதுவதும் சுருங்குவதும் குறைவு. கரையானுக்கு ஆகாத டெக்டோகுவினோன் என்ற வேதிப்பொருளும் உண்டு. சிலிக்காவும் இருக்கிறது, அது ரம்பத்தின் பல்லை மழுக்கும்.

கப்பலுக்கு இவற்றைவிட முக்கியம், மரம் இரும்போடு எப்படிப் பழகுகிறது என்பது. அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சுவார்கள் அல்லவா? கடுக்காயில் இருப்பது டானின், அன்னபேதி ஓர் இரும்பு உப்பு. ஓக்கிலும் டானின் அதிகம். ஈர ஓக்கில் இரும்பு ஆணி அடித்தால் அதே மை மரத்துக்குள்ளேயே ஊறும். ஆணியைச் சுற்றி மரம் கருக்கும், ஆணி அரிக்கும், துளை பெரிதாகும், பலகை ஆடத் தொடங்கும். தேக்கில் இந்தத் தொல்லை இல்லை. அதன் எண்ணெய் ஆணிக்கும் காப்பு.

தண்ணீருக்குக் கீழே வேறொரு பகை, கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் மரத்தைக் குடைந்து வாழும் சிப்பி இனம். அதற்காக அக்காலக் கடற்படை கப்பலின் அடிப்பாகத்தைச் செம்புத் தகட்டால் போர்த்தியது. மெல்லக் கரையும் செம்பு அந்த உயிர்களுக்கு நஞ்சு. ஆனால் இதிலும் ஒரு வம்பு வந்தது. 1760-களில் அலார்ம் என்ற கப்பலுக்குத் தகடு அடித்துச் சில வருடம் கழித்துப் பார்த்தால், இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த காகிதத்தை யாரோ கழற்றாமல் விட்ட இடங்களில் மட்டும் ஆணிகள் நன்றாக இருந்தன! செம்பு, இரும்பு, நடுவில் உப்புநீர் என்றால் அது ஒரு பேட்டரி. அதில் கரைவது இரும்பு. அப்புறம்தான் ஆணிகளையும் செம்புக் கலவையில் செய்தார்கள்.

1819-ல் டிரிங்கோமாலி போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தபோது போர் முடிந்து நாளாகியிருந்தது. பாய்மரம் கழற்றி, மேலே கூரை போட்டு, 1845 வரை ஓரமாக நிறுத்திவிட்டார்கள். கூரை புத்திசாலித்தனம்: மரக்கப்பலைக் கடல்நீரைவிட மழைநீர்தான் சீக்கிரம் உளுக்க வைக்கும். உப்பு பூஞ்சையை அடக்கும். மழைநீர் தேங்கிய மூலையில் அது கொழுக்கும்.

பிறகு கனமான 26 பீரங்கிகளோடு மேற்கிந்தியத் தீவுகளுக்கும், 1852 முதல் 1857 வரை பசிபிக்கிற்கும் போனது. கனடாவின் மேற்குக் கரையில் ஒரு நீர்வழிக்கு இன்றும் டிரிங்கோமாலி என்றே பெயர். அதன்பின் பயிற்சிக் கப்பல். 1897-ல் உடைப்பதற்கு விற்றதை ஒருவர் வாங்கி, ஃபுட்ரோயன்ட் என்று பெயர் மாற்றி, பயிற்சிக்கே விட்டார். 1992-ல்தான் பழைய பெயர் திரும்பியது. பழுதுபார்த்த பிறகும் மரத்தில் பாதிக்கு மேல் பம்பாயில் வைத்ததே.

ஒரு வேடிக்கை பாக்கி. இந்தக் கப்பலின் முதல் வரைபடங்கள் பம்பாய்க்கு வந்து சேரவே இல்லை. 1812-ல் அவற்றை ஏற்றிவந்த ஜாவா என்ற கப்பலை பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கர்கள் பிடித்து எரித்துவிட்டார்கள். பிடித்த கப்பலின் பெயர் கான்ஸ்டிடியூஷன். அதுவும் இன்று பாஸ்டனில் மிதக்கிறது.