ஃபைப்ராய்டு இருந்தால் மார்பகப் புற்றுநோய் வருமா?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஃபைப்ராய்டு 3.2 × 2.8 செ.மீ.’ என்ற வரியைப் பார்த்ததுமே பல பெண்களுக்குத் தூக்கம் போய்விடுகிறது. கர்ப்பப்பைத் தசையில் வளரும் இந்தக் கட்டி புற்றுநோய் அல்ல, மார்புக்குப் பரவவும் செய்யாது. 50 வயதுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறிதோ பெரிதோ ஒன்று இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

பிறகு ஏன் இரண்டையும் சேர்த்துப் பேசுகிறார்கள்? ஃபைப்ராய்டும் பெரும்பாலான மார்பகப் புற்றுக் கட்டிகளும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன்களால் வளர்பவை. சிறு வயதிலேயே பூப்பெய்துவது, குழந்தைப்பேறு இல்லாதது ஆகியவை இரண்டுக்கும் வாய்ப்பைக் கூட்டும். தைவானின் காப்பீட்டுத் தரவுகளை அலசியபோது, ஃபைப்ராய்டு உள்ளவர்களிடம் மார்பகப் புற்று சற்றே கூடுதலாகத் தெரிந்தது. அமெரிக்காவில் 57,000-க்கும் மேற்பட்ட கறுப்பினப் பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்விலோ மொத்தத்தில் தொடர்பு தென்படவில்லை. அடிக்கடி டாக்டரிடம் போகிறவர்களுக்குப் பரிசோதனைகளும் கூடுதல், நோய் கண்ணில் படுவதும் கூடுதல் என்பதையும் மறக்கக் கூடாது. ஃபைப்ராய்டு இருக்கிறது என்பதற்காக மட்டும் மாமோகிராமை (மார்பக எக்ஸ்-ரே) முன்கூட்டியே தொடங்கத் தேவையில்லை. அம்மா, அக்கா, சித்தி என யாருக்காவது இளம் வயதில் மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ வந்திருந்தால், அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

‘புற்று வந்துவிடும், கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள்’ என்று யாராவது சொன்னால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பது சினைப்பை. கர்ப்பப்பையை மட்டும் எடுப்பதால் மார்பகப் புற்றின் ஆபத்து குறையாது. தேவையில்லாமல் 45 வயதுக்கு முன்பே சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் எலும்பும் இதயமும் பாதிக்கப்படும். அடங்காத ரத்தப்போக்கு, அதனால் ரத்தசோகை, சிறுநீர்ப்பையில் அழுத்தம் போன்ற காரணங்கள் இருந்தால் அறுவை சிகிச்சை நியாயம்தான்.

உண்மையில் கவனம் வேண்டியது, ஒரே பெண்ணுக்கு இரண்டும் இருக்கும்போது. ஈஸ்ட்ரோஜனால் வளரும் மார்பகப் புற்றுக்கு டாமாக்சிஃபென் தினம் 20 மி.கி., குறைந்தது 5 ஆண்டுகள் கொடுப்பது வழக்கம். மார்பில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் இதே மாத்திரை, கர்ப்பப்பையில் ஓரளவு ஈஸ்ட்ரோஜன் போலவே வேலை செய்யும். அதனால் ஃபைப்ராய்டு பெரிதாகலாம், உட்சுவர் தடிக்கலாம். மாதவிலக்கு நின்றவர்களுக்குக் கர்ப்பப்பைப் புற்றின் வாய்ப்பும் கூடுகிறது. இந்த மாத்திரை எடுப்பவர்களின் ஸ்கேனில், புற்று இல்லாமலேயே உட்சுவர் தடிப்பாகத் தெரிவது சகஜம். அந்தத் தடிப்பின் அளவை மட்டும் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. ஆனால் மாதவிலக்கு நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், ‘ஃபைப்ராய்டுதானே’ என்று விடாமல் உட்சுவரிலிருந்து திசு எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வயதில் சுருங்க வேண்டிய ஃபைப்ராய்டு வளர்ந்தாலும் அப்படியே: உடனே காட்டுங்கள்.

மார்பகப் புற்று வந்தவர்கள் அதிக ரத்தப்போக்குக்காக மருந்துக் கடையில் தாங்களாக மாத்திரை கேட்டு வாங்கக் கூடாது. நோரெதிஸ்டிரோன் (புரோஜெஸ்ட்ரோன் வகை மாத்திரை), கருத்தடை மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் உள்ள லூப் மூன்றும் இவர்களுக்கு ஆகாது. ரத்தப்போக்கைக் குறைக்கும், ஹார்மோன் இல்லாத டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையிலும் ஒரு சிக்கல் உண்டு: டாமாக்சிஃபென் ஏற்கெனவே ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுகிறது, இதையும் சேர்த்தால் காலில் ரத்தக்கட்டு வரலாம். கருத்தடைக்குக் காப்பர்-டி போட்டால் ஃபைப்ராய்டு உள்ளவர்களுக்கு உதிரப்போக்கு இன்னும் கூடக்கூடும், ஆணுறை பாதுகாப்பானது. மகப்பேறு மருத்துவரிடம் போகும்போது புற்றுநோய் டாக்டரின் சீட்டையும், அங்கே போகும்போது கர்ப்பப்பை ஸ்கேனையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.