சாலையோர நினைவுத் தென்னை ஏன் திணறுகிறது?

விபத்தில் ஒருவர் உயிரிழந்த இடத்தில், அவர் நினைவாகச் சாலையோரத்தில் ஒரு மரத்தை நட்டு வளர்க்கும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் இருக்கிறது. வெப்பமண்டலத்துக்குச் சற்று வெளியே, குளிர்காலம் குறுகியதாகவேனும் வந்துபோகும் இடங்களில், அந்த மரம் சில வேளைகளில் தென்னையாக அமைந்துவிடுகிறது. இறந்தவர் கடற்கரையை விரும்பியவராக இருந்திருக்கலாம். வெப்பமான ஒரு நாட்டிலிருந்து வந்தவராகவும் இருந்திருக்கலாம். நட்ட முதல் ஆண்டில் கன்று பசுமையாகவே நிற்கும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் மட்டைகள் மஞ்சளாகும், புதிய ஓலைகள் முன்னதைவிடச் சிறுத்து வரும், நான்கைந்து கீற்றுகளோடு மரம் நாளைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதைக் காண்பவர்கள் பதறிப்போய்க் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், மஞ்சள் மட்டைகளை வெட்டுகிறார்கள், தூரைச் சுற்றி மண்ணை அணைக்கிறார்கள். இவை அனைத்தும் அன்பினால் செய்யப்படுபவை. ஆனால் பனைக் குடும்பத் தாவரத்தின் உடலமைப்பு மற்ற மரங்களின் உடலமைப்பிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டிருப்பதால், வேறொரு மரத்துக்கு உதவக்கூடிய செயல்கள் தென்னைக்குத் தீங்காக முடிகின்றன.

முதல் ஆண்டின் பசுமைக்குக் காரணம் எளியது. முளைவிட்ட தேங்காய்க்குள் உருவாகும் பஞ்சு போன்ற உறிஞ்சுறுப்பு, அதாவது நாம் தேங்காய்ப் பூ என்று அறிந்த அதே உறுப்பு, பருப்பிலுள்ள கொழுப்பையும் சர்க்கரையையும் கரைத்துக் கன்றுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது. இந்தச் சேமிப்பு ஏறத்தாழ ஓராண்டுக்குத் தாங்கும். அதுவரை கன்று தன் வேரையும் இலையையும் பெரிதும் நம்பியிருப்பதில்லை. மண் கெட்டிருந்தாலும் குளிர் அடித்தாலும் ஓரளவு ஈடுகொடுக்கும். பருப்பு தீர்ந்த பிறகுதான் நட்ட இடத்தின் உண்மையான தரம் இலைகளில் தெரியவருகிறது. ஆகவே இரண்டாம் ஆண்டில் தோன்றும் வாட்டம் அப்போதுதான் புதிதாக வந்த நோய் என்று எண்ணுவது பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை.

இனி அடிமரத்தைப் பார்ப்போம். மாமரத்திலும் வேம்பிலும் பட்டைக்குச் சற்று உள்ளே கேம்பியம் என்னும் மெல்லிய வளர்திசு வளையம் உண்டு. ஆண்டுதோறும் அது உள்நோக்கிப் புதிய மரக்கட்டையையும் வெளிநோக்கிப் புதிய உட்பட்டையையும் உருவாக்குகிறது. அதனால் அடிமரம் பருக்கிறது, காயங்கள் மூடப்படுகின்றன. தென்னை ஒருவித்திலைத் தாவரம். அதற்குக் கேம்பியம் கிடையாது. நீரையும் உணவையும் கடத்தும் குழாய்க் கற்றைகள் தண்டின் குறுக்குவெட்டு முழுவதிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு மட்டத்தில் தண்டு ஒருமுறை உருவாகிவிட்டால், அந்த மட்டத்தில் புதிய கற்றைகள் பிறப்பதில்லை. மரம் எண்பது ஆண்டுகள் வாழ்ந்தால், தூருக்கு அருகில் முதலில் உருவான அதே குழாய்களும், அவற்றைச் சூழ்ந்த அதே உயிரணுக்களும் எண்பது ஆண்டுகளும் உயிரோடிருந்து உழைக்க வேண்டும். தாவர உலகில் இது வியக்கத்தக்க சாதனை. அதே நேரத்தில் பெரிய பலவீனமும் கூட.

நினைவு மரங்களுக்கு இந்த உண்மை நேரடியாகப் பொருந்துகிறது. பெயர்ப் பலகையையோ புகைப்படத்தையோ தண்டில் ஆணியடித்துப் பொருத்தினால், அந்தத் துளை மரம் உள்ளவரை ஆறாது. ஆணி சென்ற வழியில் அறுபட்ட குழாய்களுக்கு மாற்றுக் குழாய்கள் வரப்போவதில்லை. பூஞ்சைகளுக்கும் வண்டுகளுக்கும் அது திறந்த வாசலாகவே இருக்கும். தூரில் ஏற்றிவைக்கும் மெழுகுவத்தியின் வெப்பமும், புல்வெட்டும் கருவி உரசிய தடமும் அவ்வாறே நிலைத்துவிடும். புதிதாக நட்ட பெரிய மரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தால், தண்டைச் சாக்குத்துணியால் சுற்றி, அதன்மேல் சிறு மரக்கட்டைகளைப் பட்டையால் இறுக்கி, அந்தக் கட்டைகளில்தான் முட்டுக்கால்களை அடிக்க வேண்டும். நினைவுப் பலகைக்குத் தனியாக ஒரு கம்பம் நடுவதே மரத்துக்குச் செய்யும் மிகப் பெரிய மரியாதை என்பது என் உறுதியான எண்ணம்.

பருக்க முடியாத தண்டு, தான் பட்ட துன்பத்தை அழிக்கவும் முடியாது. தென்னங்கன்று முதலில் தரைமட்டத்தில் தன் தண்டின் முழுத் தடிமனை எட்டிய பிறகே உயரத் தொடங்குகிறது. உயரும் காலத்தில் சத்தோ நீரோ வெப்பமோ குறைந்தால், அப்போது உருவாகும் பகுதி குறுகிவிடும். பின்னர் நிலைமை சீரடைந்தால் அதற்கு மேலுள்ள பகுதி மீண்டும் அகலமாக வரும். ஆனால் குறுகிய இடுப்பு அப்படியே நிற்கும். பலத்த காற்றில் தண்டு முறிவது பல நேரங்களில் இந்த இடத்தில்தான்.

வளர்ச்சி முழுவதும் நடைபெறுவது தண்டின் உச்சியில் உள்ள ஒரே ஒரு குருத்து முனையில். பக்க மொட்டுகள் கிளைகளாக மாறுவதில்லை, வெட்டிய இடத்திலிருந்து துளிர் வருவதில்லை. குருத்து அழிந்தால் மரம் அழிந்தது. பச்சையாக இருக்கும் பழைய மட்டைகள் சில மாதங்கள் தாக்குப்பிடிப்பதால் அந்த இறப்பு வெளியே தெரியத் தாமதமாகும், அவ்வளவுதான். அந்தக் குருத்தினுள்ளே, இன்னும் வெளிவராத இலைகள் ஒன்றினுள் ஒன்றாக, வயது வாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வளர்ந்த தென்னையில் ஓர் இலையின் தொடக்கம் குருத்துக்குள் உருவாவதற்கும் அது ஈட்டி போன்ற குருத்தோலையாக வெளியே நீள்வதற்கும் இடையில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகிறது. நல்ல வெப்பத்தில் மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் ஓலை விரியும். குளிர்ந்த பகுதியில் அந்த வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். இன்று கோணலாகவும் குட்டையாகவும் விரியும் ஓலை, பல மாதங்களுக்கு முன் நேர்ந்த குறையின் பதிவு. இன்று இட்ட உரத்தின் பலனும் அதே தாமதத்தோடுதான் வெளிப்படும். உரமிட்ட மறு மாதமே ஒன்றும் மாறவில்லையே என்று மேலும் உரத்தைக் கொட்டுவது, நன்மை செய்யும் ஆர்வத்தில் பலர் எடுக்கும் தவறான முடிவு.

வேர்களுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. தென்னைக்கு ஆணிவேர் நிலைப்பதில்லை. தூரின் அடிப்பகுதியில் உள்ள வேர்தோன்று மண்டலத்திலிருந்து ஏறக்குறைய ஒரே தடிமனுள்ள வேர்கள் ஆயிரக்கணக்கில் புறப்படுகின்றன, அவையும் பருப்பதில்லை. அவற்றில் வேர்த்தூவிகள் இல்லை. சுவாசிப்பதற்கென வெண்ணிறச் சிறு முடிச்சுகள் இருக்கின்றன. எனவே மண்ணில் காற்றோட்டம் இருப்பது தென்னைக்கு உயிர்நிலையான தேவை. சாலையோர மண்ணில் பெரும்பாலும் அதுதான் இல்லை. சாலை அமைக்கும்போது, தளம் அமிழ்ந்துபோகாமல் இருப்பதற்காகவே, ஓரத்து மண் உருளைகளால் வேண்டுமென்றே இறுக்கப்படுகிறது. இறுகிய மண்ணில் துளைகள் நசுங்கிவிடுவதால் மழைநீர் இறங்காமல் தேங்குகிறது, ஆக்சிஜன் குறைகிறது, புதிய வேர்நுனிகளால் அதைத் துளைக்க முடிவதில்லை. கான்கிரீட்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை உயர்த்த, இரும்பும் மாங்கனீசும் மண்ணில் இருந்தும் வேருக்கு எட்டாத வடிவத்துக்கு மாறிவிடுகின்றன.

வளர்ந்த மரத்தைப் பெயர்த்து நடும்போது, வெட்டுண்ட வேர்கள் என்ன ஆகின்றன என்பதை 1980-களில் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல பனை வகைகளில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தென்னையில் வெட்டுப்பட்ட வேர்களில் ஏறத்தாழப் பாதி மீண்டும் கிளைத்தன. சபால் பனையிலோ வெட்டிய வேர்கள் அநேகமாக எல்லாமே மடிந்தன. அம்மரம் தூரிலிருந்து முற்றிலும் புதிய வேர்களை விட்டாக வேண்டியிருந்தது. அந்த வகையில் தென்னை வேறிடத்தில் வேர்கொள்ளும் திறன் உள்ளதே. அதைக் கெடுப்பது நடும் ஆழம். மரம் சாயாமல் நிற்கட்டும் என்று ஆழமாகப் புதைத்தால், வேர்தோன்று மண்டலம் காற்றில்லாத அடுக்குக்குள் சென்று மூச்சுத் திணறும். இலைகளில் இரும்புக் குறையும் மாங்கனீசுக் குறையும் காணும். தூரைச் சுற்றிக் கற்களையும் மண்ணையும் மாலைகளையும் ஆண்டுக்கணக்கில் குவித்துவைப்பது, நட்ட பிறகு மரத்தை மெல்ல மெல்ல ஆழத்தில் இறக்குவதற்குச் சமம்.

குளிருக்கு வருவோம், வெப்பமண்டலத்துக்கு வெளியே நிற்கும் தென்னையின் முதன்மைச் சிக்கல் அதுதான். ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27 டிகிரி செல்சியசை ஒட்டியிருக்கும் இடங்களில் தென்னை செழிக்கிறது. உறைபனியே இல்லாவிட்டாலும், 10 டிகிரிக்குக் கீழே நீண்ட இரவுகள் தொடர்ந்தால் அதன் உயிரணுக்கள் சேதமடைகின்றன. குளிரில் நெய் உறைவதுபோல் உயிரணுச் சவ்விலுள்ள கொழுப்புகள் இறுகுவதால், சவ்வு தன் காவல் வேலையைச் சரிவரச் செய்ய முடியாமல் அயனிகளைக் கசியவிடுகிறது. காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும்போது இலை ஒளியை வாங்கிக்கொள்கிறது. குளிர்ந்துபோன நொதிகளோ அந்த ஆற்றலைச் சர்க்கரையாக்க முடியாமல் பின்தங்குகின்றன. மிஞ்சிய ஆற்றல் பச்சையத்தையே தாக்குகிறது. வேரின் நிலையும் மோசம். குளிர்ந்த மண்ணில் நீர் உறிஞ்சுதல் மந்தமாவதால், ஈர மண்ணில் நின்றுகொண்டே மரம் காய்கிறது. இந்த நேரத்தில் தண்ணீரை மேலும் ஊற்றினால் மண் இன்னும் குளிர்ந்து, காற்றும் வெளியேறி, வேர் அழுகத் தொடங்கும். குளிரும் ஈரமும் சேர்ந்து வருவதுதான் பெரும்பாலும் தென்னையின் உயிரைக் குடிப்பது.

சாலை இங்கே ஒரு வகையில் உதவியும் செய்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். தார்த்தளம் பகலில் வாங்கிய வெப்பத்தை இரவில் சிறிது சிறிதாக வெளியிடுகிறது. சரிவான சாலைக்கரையில் குளிர்காற்று தங்காமல் கீழே வழிந்தோடுகிறது. தோட்டத்துக்குள் பிழைக்காத ஒரு கன்று நெடுஞ்சாலை ஓரத்தில் சில குளிர்காலங்களைக் கடந்துவிடுவதற்கு இத்தகைய ஓரிரு டிகிரி வேறுபாடு காரணமாக அமையலாம். ஆனாலும் உறைநிலைக்குச் சில டிகிரி கீழே இறங்கும் ஒரே ஓர் இரவு அதுவரை ஈட்டியதையெல்லாம் பறித்துக்கொள்ளும்.

குளிரில் அடிபட்ட தென்னை மூன்று விதமாக இறக்கக்கூடும். குருத்து நேரடியாகக் கருகலாம். காயம்பட்ட குருத்துக்குள் பாக்டீரியாவும் பூஞ்சையும் புகுந்து குருத்தழுகலாக மாறலாம். மூன்றாவது, பலரையும் ஏமாற்றக்கூடியது: தண்டின் குழாய்த்திசுவில் ஒரு பகுதி குளிரில் மடிந்திருக்கும், மீதமுள்ள குழாய்கள் குளிர்காலத்துக்குப் போதுமான நீரை ஏற்றிக்கொண்டிருக்கும். வெயில் ஏறி இலைகளின் நீர்த்தேவை பெருகும்போது அந்தக் குழாய்களால் ஈடுகட்ட முடியாமல், பிழைத்துவிட்டது என்று எல்லோரும் நம்பிய மரம் கோடையில் திடீரெனக் கொண்டை சாய்ந்துவிடும். கேம்பியம் இருந்திருந்தால் இடைப்பட்ட மாதங்களில் புதிய குழாய்கள் உருவாகியிருக்கும்.

சத்துக் குறைகளில், பனைக் குடும்பத்தில் மிகப் பரவலாகக் காணப்படுவது பொட்டாசியக் குறை. புதிய இலைக்குப் பொட்டாசியம் போதாதபோது, மரம் அதை மிகப் பழைய மட்டைகளிலிருந்து எடுத்துக் குருத்துக்கு அனுப்புகிறது. அதனால் கீழ் மட்டைகளில் மஞ்சள் அல்லது ஆரஞ்சுப் புள்ளிகள் தோன்றி, நுனியிலிருந்து காய்ந்துவருகிறது. பார்வைக்கு அழகில்லாத அந்த மட்டைதான் அப்போது மரத்தின் சேமிப்புக் கிடங்கு. அதை வெட்டியெறிந்தால் மரம் அடுத்த மட்டையை உறிஞ்சத் தொடங்கும், அதுவும் மஞ்சளாகும், அதையும் வெட்டுவார்கள். இப்படியே தொடர்ந்தால் கொண்டை சிறுத்து, தண்டு பென்சில் முனைபோல் கூம்பி, மரம் முடிந்துபோகும். முழுவதும் காய்ந்து பழுப்பேறிய மட்டைகளை மட்டுமே அகற்ற வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. புல்வெளிக்கு இடும் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்த உரமும் இதே கேட்டைச் செய்கிறது: வளர்ச்சியைத் தூண்டிவிட்டு, கைவசமுள்ள கொஞ்சப் பொட்டாசியத்தையும் விரைவில் தீர்த்துவிடுகிறது. புளோரிடாவின் மணற்பாங்கான மண்ணுக்காக அங்குள்ள ஆய்வாளர்கள் பரிந்துரைத்துவந்த கலவையில் தழை, மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்துகள் 8-2-12 என்ற அளவிலும், அவற்றோடு 4 சதவீத மெக்னீசியமும் இருக்கும். தழைச்சத்தும் சாம்பல்சத்தும் மெக்னீசியமும் மெதுவாகக் கரையும் வடிவில் இருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை.

கீழ் மட்டைகள் நன்றாக இருந்து, புதிய ஓலைகள் மட்டும் வெளிறியும் சுருங்கியும் தீய்ந்தாற்போல் வந்தால் ஐயம் மாங்கனீசின் மேல் விழ வேண்டும். குளிர்காலத்தில் வேர் மந்தமாவதால் தென்னையில் இக்குறை அடிக்கடி தோன்றி, மண் சூடேறியதும் வரும் ஓலைகளில் தானாகவே மறைவதுண்டு. ஓலை நுனி கொக்கிபோல் மடிவதும், துருத்தியின் மடிப்புகள் போல் கசங்கி விரிவதும் போரான் குறையின் அடையாளங்கள். போரானை மிகச் சிறிய அளவில் மட்டுமே இட வேண்டும். தேவைக்கும் நஞ்சுக்கும் உள்ள இடைவெளி அதில் மிகக் குறுகியது.

மரம் உயிரோடிருக்கிறதா என்பதைக் குருத்தோலையைப் பிடித்து மெல்ல மேல்நோக்கி இழுத்துப் பார்த்து ஓரளவு அறியலாம். உறுதியாக நின்றால் நம்பிக்கை உண்டு. அடிப்பகுதி அழுகிய வாடையுடன் கையோடு வந்துவிட்டால் குருத்து அழுகியிருக்கிறது என்று பொருள். அழுகல் வளர்முனையை இன்னும் எட்டாமல் இருந்தால் செம்புப் பூசணக்கொல்லியை உள்ளே ஊற்றிக் காப்பாற்ற முடிந்த மரங்களும் உண்டு. அதன் பிறகு தண்ணீரைக் குறைத்து, மண் நன்றாகச் சூடேறி ஒரு முழு வெயில் பருவம் கடக்கும் வரை, மரத்தை வெட்டும் முடிவை ஒத்திவைக்க வேண்டும். குருத்துக்குள் காத்திருக்கும் இலை வெளியே வருவதற்கு அந்தக் கால அவகாசம் தேவைப்படுகிறது.

குருத்து இறந்துவிட்டது என்று உறுதியானால் அந்த மரத்திலிருந்து பதியன் போட்டோ கிளையை வெட்டி நட்டோ இன்னொன்றை உருவாக்க வழியில்லை. காய்த்திருந்தால் அதன் நெற்று மட்டுமே வாரிசு. அதே இடத்தில் மீண்டும் பனைக் குடும்ப மரமே வேண்டும் என்று குடும்பத்தார் விரும்பினால், குளிரைத் தாங்கும் இனங்கள் இருக்கின்றன. இறகுபோன்ற ஓலைகளுடன் தென்னையின் சாயலில் வளரும் பூட்டியா பனை உறைநிலைக்குப் பல டிகிரி கீழேயும் பிழைக்கும். விசிறி ஓலை கொண்ட டிராக்கிகார்பஸ் அதைவிடவும் கடுமையான குளிரைத் தாங்கும். எந்த இனமானாலும் குழியை அகலமாகவும், வேர்ப்பந்தின் உயரத்துக்கு மேற்படாத ஆழத்திலும் எடுத்து, இறுகிய மண்ணைக் கிளறித் தளர்த்தி, வெயில் பருவத்தின் தொடக்கத்தில் நட வேண்டும். அப்போதுதான் முதல் குளிர் வருவதற்குள் புதிய வேர்கள் சுற்றுமண்ணுக்குள் இறங்கியிருக்கும்.