நடக்கச் சொல்வதற்கு முன்: சைகோசிஸில் உடற்பயிற்சியும் உளவியல் சிகிச்சையும்

"குரல் கேட்பதெல்லாம் நின்றுவிட்டது, மேடம். மாத்திரையும் ஒழுங்காகப் போடுகிறான். ஆனால் நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான். எழுந்து நாலு தெரு நடந்துவிட்டு வா என்றால் எரிந்து விழுகிறான்." சைகோசிஸிலிருந்து தேறிக்கொண்டிருப்பவர்களின் வீட்டார் என்னிடம் அதிகம் சொல்வது இதைத்தான். பேச்சு முடிவதற்குள் 'சோம்பேறித்தனம்' என்ற சொல்லும் பெரும்பாலும் வந்துவிடும்.

அந்தச் சொல்லை முதலில் விட்டுவிடச் சொல்வேன். சைகோசிஸ் என்றதும் யாருமில்லாத இடத்தில் குரல் கேட்பதும், யாரோ பின்தொடர்கிறார்கள் என்று அசைக்க முடியாமல் நம்புவதும்தான் பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. வீட்டையே பதற வைக்கிற அறிகுறிகள் அவை. சைகோசிஸ் வரும் நோய்களில் ஒன்றான மனச்சிதைவு நோயில் (ஸ்கிசோஃப்ரினியா) சத்தமில்லாத இன்னொரு பக்கம் உண்டு. எதையும் தொடங்கும் உந்துதல் வற்றிப்போகும், பேச்சு சுருங்கும், முகத்தில் உணர்ச்சி குறையும், ஆட்களைப் பார்க்கவே தோன்றாது. இவற்றை எதிர்மறை அறிகுறிகள் என்கிறோம். கவனமும் நினைவாற்றலும்கூடக் குறையலாம். குரலையும் சந்தேகத்தையும் மருந்து பெரும்பாலோருக்கு நன்றாகவே கட்டுப்படுத்துகிறது. இந்த இரண்டாவது பக்கத்தில்தான் அது அவ்வளவாக வேலை செய்வதில்லை.

உடம்பின் கதை தனி. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் பெரும்பங்கு இதயநோய் போன்ற, தடுக்கக்கூடிய உடல்நோய்களுக்குத்தான். புகைப்பழக்கம் இவர்களிடையே அதிகம். சைகோசிஸுக்குத் தரப்படும் ஒலன்சபின், க்ளோசபின் போன்ற மருந்துகள் பசியைத் தூண்டி எடையைக் கூட்டும், சர்க்கரையையும் ஏற்றலாம். எடை மிக வேகமாக ஏறுவது சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களில். "முதலில் மனசு சரியாகட்டும், உடம்பை அப்புறம் பார்க்கலாம்" என்று ஒத்திப்போடுவதை நான் ஏற்பதில்லை. அந்த 'அப்புறம்' வருவதற்குள் இடுப்பளவும் ரத்தச் சர்க்கரையும் வெகுதூரம் போயிருக்கும்.

உடற்பயிற்சி மனதுக்கு என்ன செய்கிறது? வாரத்துக்குச் சுமார் 90 நிமிடம், மூச்சு சற்று வேகமாகும் அளவுக்குச் செய்யும் பயிற்சி அறிகுறிகளைக் குறைக்கிறது என்று ஆய்வாளர் ஜோசப் ஃபர்த்தும் அவருடன் பணியாற்றியவர்களும் 2015-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துக் காட்டினார்கள். அதே குழுவினர் 2017-இல் வெளியிட்ட தொகுப்பில், சிந்தனைத்திறனும் மேம்படுகிறது, பயிற்சி தெரிந்த ஒருவர் கூட இருந்து நடத்தும்போது பலன் கூடுகிறது என்று தெரிந்தது. 2010-இல் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு சிறிய ஆய்வு மிகவும் பேசப்பட்டது. மூன்று மாதம் சைக்கிள் பயிற்சி செய்த மனச்சிதைவு நோயாளிகளின் மூளையில், நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதி 12 சதவீதம் பெரிதாகியிருந்தது. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் இது உறுதிப்படவில்லை. ஆகவே 'மூளை வளரும்' என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. தூக்கம், சோர்வு, கவனம் ஆகியவற்றில் வரும் மாற்றமே பாடுபடுவதற்குப் போதுமான காரணம்.

மறுபக்கம் உளவியல் சிகிச்சை. சைகோசிஸ் உள்ளவரிடம் பேசிப் பயனில்லை என்ற எண்ணம் மருத்துவ உலகிலேயே நெடுங்காலம் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1952-லேயே, நீண்டகாலமாகப் பொய்நம்பிக்கை கொண்டிருந்த ஒருவருக்குப் பேச்சு சிகிச்சை அளித்துக் கட்டுரை எழுதினார். இன்று பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல், சைகோசிஸ் உள்ளவர்களுக்கு அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை (எண்ணங்களையும் செயல்களையும் பேசி, சோதித்துப் பார்த்து மாற்றும் CBT முறை) குறைந்தது 16 அமர்வுகள் வழங்கச் சொல்கிறது. உணவும் உடலியக்கமும் சேர்ந்த திட்டத்தையும் அதே வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

ஆனால் நடைமுறையில் இவை இரண்டும் இரண்டு அறைகளில் நடக்கின்றன. பிசியோதெரபிஸ்ட் ஒரு பயிற்சித் தாளைக் கொடுக்கிறார். உளவியலாளர் வேறொரு நாளில் சந்தேகங்களைப் பற்றிப் பேசுகிறார். தெருவில் எல்லோரும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நம்புகிறவரிடம், தினமும் அரைமணி நேரம் தெருவில் நடக்கச் சொல்லும் தாள் அது! அவர் ஏன் நடக்கவில்லை என்று பிசியோதெரபிஸ்டுக்குத் தெரியாது. அந்த நடையைக் கொண்டே அந்தச் சந்தேகத்தைச் சோதிக்கலாம் என்று அறைக்குள் உட்கார்ந்திருக்கும் உளவியலாளருக்கும் தோன்றுவதில்லை. நடையும் சிகிச்சையும் ஒரே வேலையாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓர் இளைஞரைச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). வெளியே போனால் தலையைக் குனிந்துகொள்வார். பாட்டு ஓடாத இயர்போன் காதில் இருக்கும். எதிரே ஆள் வந்தால் சாலையின் மறுபக்கம் போய்விடுவார். கிளம்புவதற்கு முன் ஒரு அட்டையில் அவர் கையாலேயே எழுதினோம்: 'தெருமுனை போவதற்குள் எல்லோரும் என்னை உற்றுப் பார்ப்பார்கள். நம்பிக்கை 90 சதவீதம்.' முதல் நடை அவர் வழக்கப்படியே, குனிந்தபடி. திரும்பி வந்ததும், "எல்லோரும் பார்த்தார்கள்" என்றார். தலையைக் குனிந்திருந்தீர்களே, எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தோணுச்சு" என்றார்.

இரண்டாவது நடையில் இயர்போன் பையில் இருந்தது. தலையை நிமிர்த்தி, கடந்து போகிறவர்களில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வந்தார். பலர் போனில் மூழ்கியிருந்தார்கள். இரண்டு பேர் பார்த்தார்கள். அதில் ஒருவர் பார்த்தது எங்களுக்குப் பின்னால் வந்த நாயை. அட்டையில் 90-ஐ அடித்துவிட்டு 60 என்று எழுதினார். அறைக்குள் பல வாரம் பேசினாலும் அந்த 30 இறங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான். 60 ஆன பிறகு அடுத்த நடை சாத்தியமாகிறது. அடுத்த நடையில் இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்சம் வேகம்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான பயிற்சி. சந்தேகத்தைச் சோதிக்கும் முதல் நடைகளை மட்டும் அதைவிட மெதுவாக வைத்துக்கொள்வேன். மூச்சு வாங்குவதும் நெஞ்சு படபடப்பதும் பயத்தைப் போலவே இருப்பவை. எது நடையால் வந்தது, எது பயத்தால் வந்தது என்று அவருக்கே குழம்பிவிடக் கூடாது.

இந்தக் குழப்பமே சிலருக்கு முக்கியப் பிரச்சினை. படியேறும்போது நெஞ்சு அடித்துக்கொண்டால், யாரோ தன் உடம்புக்குள் கரண்ட் பாய்ச்சுகிறார்கள் என்று நம்பிய ஒரு பெண்மணி பயிற்சியையே விட்டிருந்தார். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, இருவரும் அறையிலேயே ஒரு நிமிடம் நின்ற இடத்தில் நடந்தோம். அவர் நாடியை அவரும், என் நாடியை நானும் எண்ணினோம். "உங்களுக்கும் அடிக்குதா?" என்று கேட்டு என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் துடிப்பு இறங்குவதைக் காத்திருந்து பார்த்தோம். கரண்ட் பாய்ச்சுகிறார்கள் என்ற நம்பிக்கை அன்றே போய்விடவில்லை. ஆனால் 'அசைந்தால் அடிக்கும், உட்கார்ந்தால் இறங்கும்' என்ற இன்னொரு விளக்கம் அதன் பக்கத்தில் வந்து நின்றது. நம்பிக்கையோடு நேரடியாக வாதாடினால் அது இறுகும். வேறு விளக்கத்துக்கு உடம்பே சாட்சி சொன்னால் கொஞ்சம் இளகும்.

உந்துதல் இல்லாதவர்களிடம் அட்டையில் வேறு கேள்வி இருக்கும். நடப்பதற்கு முன்: இது எவ்வளவு பிடிக்கும் என்று நினைக்கிறீர்கள், 10-க்கு? நடந்த பிறகு: எவ்வளவு பிடித்தது? 1 என்று எழுதிவிட்டுப் போகிறவர் 4 என்று எழுதுவது அடிக்கடி நடக்கும். மனச்சிதைவு நோயில் அந்த நேரத்து இன்பத்தை உணரும் திறன் ஓரளவு மிஞ்சியிருக்கிறது, வரப்போகும் இன்பத்தை எதிர்பார்க்கும் திறன்தான் அதிகம் குறைகிறது என்று ஆய்வுகள் சொல்வதோடு இது பொருந்திப்போகிறது. அடுத்த வாரம் அறிவுரை சொல்ல மாட்டேன், பழைய அட்டையை எடுத்து நீட்டுவேன். 'முயன்றாலும் தோற்பேன்' என்ற எண்ணத்துக்கு அவர் கையெழுத்தில் உள்ள 4 நல்ல பதில்.

குரல் கேட்பவர்களும் முன்னும் பின்னும் மதிப்பெண் போடலாம். தாளத்தோடு நடந்தாலோ, மெல்ல முனகிக்கொண்டு நடந்தாலோ சிலருக்குக் குரல் தணிகிறது. களைத்துப்போனால் சிலருக்குக் கூடுகிறது. ஆளுக்கு ஆள் மாறுவதால் எழுதிப் பார்த்தால்தான் தெரியும். யோகா கூடாதா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாகச் செய்யலாம். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல நிறுவனத்தின் குழுவினர் செய்த 2007 ஆய்வில், மருந்தோடு சேர்ந்த யோகா சாதாரண உடற்பயிற்சியைவிடக் கூடுதல் பலன் தந்தது. நீண்ட நேரம் கண்மூடி அமரும் தீவிரத் தியானம் வேறு விஷயம். அதனால் சிலருக்கு அறிகுறிகள் கிளர்ந்த மருத்துவப் பதிவுகள் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

இவை எதுவும் மருந்துக்கு மாற்று ஆகாது. நடையால் தெம்பு வந்ததும் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படி நிறுத்தினால் அறிகுறிகள் திரும்பிவரும் வாய்ப்பு அதிகம். பயிற்சி தொடங்கும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, தேவைப்பட்டால் இசிஜி பார்த்துவிடுங்கள். க்ளோசபின் ஓய்விலேயே இதயத் துடிப்பைக் கூட்டக்கூடியது. சில மருந்துகள் வியர்வையைக் குறைக்கும், எழுந்து நின்றால் தலைசுற்றவும் வைக்கும். உச்சி வெயிலில் பயிற்சி வேண்டாம், தண்ணீர் குறையக் கூடாது. பல நாள் தூக்கமின்றிக் கொந்தளிப்பில் இருப்பவரையும், குரல்கள் கட்டளையிடும் நிலையில் இருப்பவரையும் நடக்க இழுக்காதீர்கள். அப்போது வேண்டியது மருத்துவர்.

இன்னொன்றை வீட்டார் எளிதில் தவறவிடுகிறார்கள். ஓரிடத்தில் உட்கார முடியாமல், கால்களை மாற்றி மாற்றி வைத்து, அறைக்குள்ளேயே ஓயாமல் நடப்பார். "இப்போதெல்லாம் நன்றாக நடக்கிறான்" என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். உள்ளுக்குள் தாங்க முடியாத தவிப்பாக இருக்கிறதா என்று கேளுங்கள். அது அகத்தீசியா என்ற மருந்துப் பக்கவிளைவாக இருக்கலாம். தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகக்கூடியது. அளவையோ மருந்தையோ மாற்றிச் சரிசெய்யலாம், ஆகவே உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சரி, வீட்டில் எப்படிப் பேசுவது? லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுனும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த ஆய்வுகளிலிருந்தே நமக்குத் தெரியும்: ஓயாத குறைகூறலும் கோபமும் நிறைந்த வீட்டில் நோய் திரும்பிவரும் வாய்ப்பு அதிகம். தினமும் "ஏன் நடக்கவில்லை" என்று சண்டை போட்டு நடக்க வைத்தால், நடை தரும் நன்மையைச் சண்டையே தின்றுவிடும். "போய் நடந்துட்டு வா" என்பதற்குப் பதில், செருப்பை மாட்டிக்கொண்டு "நான் கிளம்புறேன், வர்றியா?" என்று கேளுங்கள். வரவில்லை என்றால் நீங்கள் போய்விட்டு வாருங்கள். நாளைக்கும் அதே நேரத்தில் கேளுங்கள். வந்தால் வழியில் புத்திமதி வேண்டாம். வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பினாலும், தேதி போட்டு அட்டையில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ போகும்போது அந்த அட்டைகளையும் எடுத்துப் போங்கள். பிசியோதெரபிஸ்ட் இருந்தால் அவருக்கும் காட்டுங்கள்.