ஒரு கிலோ கரியை முழுசாக ஆற்றலாக்க முடியுமா?

‘ஐன்ஸ்டீன் கணக்குப்படி ஒரு கிலோ பொருளுக்குள் அவ்வளவு ஆற்றல் இருக்கிறதென்றால் நிலக்கரியை இன்னும் ஏன் எரித்துக்கொண்டிருக்கிறோம், அப்படியே ஆற்றலாக்கிவிட வேண்டியதுதானே?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதை வைத்து 1922-லேயே ஒரு நாவல் எழுதிவிட்டார் செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக். ரோபோக்களை முதலில் மேடையேற்றினாரே, அவரேதான். டாக்டர் வீட்டுப் பிள்ளை, தத்துவத்தில் முனைவர், பிழைப்புக்குப் பத்திரிகை வேலை.

கதையில் மாரெக் என்ற இன்ஜினியர் செய்யும் கார்புரேட்டர், போட்ட கரியைச் சாம்பல்கூட மிஞ்சாமல் ஆற்றலாக்கிவிடும். ஆனால் பொருளுக்குள் அடைபட்டிருந்த கடவுளும் கூடவே வெளியே வந்துவிடுகிறார்! பக்கத்தில் நிற்பவர்களுக்கெல்லாம் பக்தி முற்றுகிறது, அற்புதங்கள் நடக்கின்றன. தூர்வாரும் இயந்திரத்தைச் சுற்றி ஒரு கோஷ்டி, குடைராட்டினத்தைச் சுற்றி இன்னொரு கோஷ்டி, கடைசியில் உலகப் போரே மூள்கிறது. மூடநம்பிக்கையை இவ்வளவு ஜாலியாகக் கிண்டல் செய்த அறிவியல் புனைவு வேறொன்றை நான் படித்ததில்லை.

சரி, நிஜத்துக்கு வருவோம். ஐன்ஸ்டீன் கணக்கில், வெளிவரும் ஆற்றலுக்கு ஈடாகப் பொருளின் நிறை குறையும். எரிப்பதில் அணுக்களின் எலக்ட்ரான்கள் இடம் மாறுவதோடு சரி. ஒரு கிலோ கரி எரிந்தால் குறையும் நிறை, ஒரு கிராமைக் கோடி பங்காக்கினால் அதில் சுமார் மூன்று பங்கு. அணு உலை எரிபொருளான யுரேனியம்-235 ஒரு கிலோவின் அணுக்கருக்கள் முழுக்கப் பிளந்தாலும் ஒரு கிராம்கூடக் குறையாது.

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? அங்கேதான் அழகே இருக்கிறது. இந்த யுரேனியத்தின் அணுக்கருவில் புரோட்டானும் நியூட்ரானும் சேர்த்து 235, மோதும் நியூட்ரான் ஒன்று, ஆக 236. பிளந்த பிறகு எண்ணிப் பாருங்கள்: பேரியத்தில் 141, கிரிப்டானில் 92, சிதறும் நியூட்ரான்கள் 3. அதே 236! ஒன்றுகூடக் காணாமல் போகவில்லை. புதிய கருக்களில் அவை முன்னைவிட இறுக்கமாகக் கட்டுண்டிருக்கின்றன, அந்த இறுக்கத்துக்கு ஈடாக வெளியேறுவதுதான் அணு உலையின் ஆற்றல். மாரெக்கின் இயந்திரம் ஓட வேண்டுமென்றால் இந்த எண்ணிக்கையே பூஜ்யமாக வேண்டும். சாதாரணப் பொருளைத் தொட்டதும் அதோடு சேர்ந்து தானும் அழிந்து ஆற்றலாகிவிடும் எதிர்ப்பொருளோடு மோதவிட்டால் ஆகும்தான், ஆனால் அந்த எதிர்ப்பொருளைச் செய்ய, கிடைப்பதைவிடப் பல மடங்கு ஆற்றலைச் செலவழிக்க வேண்டும்.

இந்த எண்ணிக்கை தானாகக் குறையுமா, அதாவது புரோட்டான் தானாகவே சிதையுமா என்று ஜப்பானில் ஒரு சுரங்கத்தில் 50,000 டன் தண்ணீரைத் தொட்டியில் வைத்து 1996-லிருந்து காத்திருக்கிறார்கள். உறுதியாக ஒன்றுகூடச் சிக்கவில்லை. ‘நடக்காததைப் பார்க்க இவ்வளவு காசா?’ என்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. அதே தொட்டிதான் எதிலும் எளிதில் சிக்காத நியூட்ரினோ என்ற நுண்துகளுக்கு நிறை உண்டென்று காட்டி, 2015-இல் நோபல் பரிசையும் வாங்கித் தந்தது.