சூரை மீன் ஏன் நாவற்பழ நிறத்தில் விழுந்தது?

வவுனியாவிலிருந்து ஒரு வாசகர் சில படங்களை அனுப்பியிருக்கிறார். பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு திருகோணமலை போனாராம். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளி எல்லாம் நன்றாக விழுந்திருக்கின்றன. மீன் சந்தையில் எடுத்தவை மட்டும் சரியில்லை. “வெட்டி வைத்த சூரை நேரில் இரத்தச் சிவப்பாக இருந்தது. படத்தில் நாவற்பழம் மாதிரி இருக்கிறது. போனில் பிழையா, என்னில் பிழையா?” என்று கேட்கிறார்.

இரண்டிலும் பிழையில்லை. படத்தின் மேல் மூலையைப் பாருங்கள், நீலத் தறப்பாள் ஒன்று தெரிகிறது.

நீலத் தறப்பாளைத் தாண்டி வரும் வெயிலில் சிவப்புப் பெரும்பாலும் குறைந்துவிடும், பள்ளியில் படித்ததுதான். ஒரு பேச்சுக்கு, கீழே விழும் ஒளியில் சிவப்பு 20, பச்சை 40, நீலம் 100 என்று வைப்போம். சூரைத் துண்டம் தன்மேல் விழும் சிவப்பில் பத்தில் நான்கு பங்கையும், பச்சையிலும் நீலத்திலும் பத்தில் ஒரு பங்கையும் திருப்பி அனுப்புகிறது என்றும் வைப்போம். அப்படியென்றால் கமராவுக்கு வந்து சேர்வது சிவப்பு 8, பச்சை 4, நீலம் 10. நீலம் முந்திவிட்டது, சிவப்பு அதற்குப் பின்னால், பச்சை கடைசி. நாவற்பழத்தின் கணக்கு இதுதான். கமரா பொய் சொல்லவில்லை, வந்ததை வந்தபடி எழுதியிருக்கிறது.

அப்படியென்றால் நம் கண் என்ன செய்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அந்தத் துண்டத்துக்குப் பக்கத்தில் ஐஸ் போட்ட வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்று கட்டாயம் இருக்கும். வெள்ளை என்பதால் அது விழும் ஒளியை ஏறக்குறைய அதே விகிதத்தில் திருப்பி அனுப்பும்: 20, 40, 100. இப்போது மீனின் எண்களைப் பெட்டியின் எண்களால் வகுத்துப் பாருங்கள். 8ஐ 20ஆல் வகுத்தால் 0.4. 4ஐ 40ஆல் வகுத்தால் 0.1. 10ஐ 100ஆல் வகுத்தால் 0.1. தறப்பாள் கணக்கிலிருந்தே கழன்றுவிட்டது, பழைய சிவப்பு மீன் திரும்பி வந்துவிட்டது!

விழித்திரையில் உள்ள மூன்று வகைக் கூம்புக் கலங்களும் இந்த வகுத்தலைத்தான் செய்கின்றன. எந்த நிறம் அதிகமாக வருகிறதோ, அதற்குரிய கலங்கள் தங்கள் உணர்திறனைத் தாமே தணித்துக்கொள்கின்றன. மூன்றும் தனித்தனியாக இப்படிச் சரிசெய்துகொள்கின்றன என்று ஜெர்மானிய உடலியலாளர் யொஹான்னஸ் வொன் கிரீஸ் 1902இல் எழுதினார். அதற்கு மேல் மூளையும் தன் பங்குக்குச் சுற்றுப்புறத்தைப் பார்த்துத் திருத்துகிறது.

நம்பிக்கை இல்லையென்றால் சந்தையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணைக் கையால் நன்றாகப் பொத்திக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் நீலத் தறப்பாளின் கீழ் நில்லுங்கள். வெளியே வந்து ஒரு வெள்ளைச் சுவரை முதலில் ஒரு கண்ணாலும் பிறகு மற்றக் கண்ணாலும் பாருங்கள். தறப்பாளின் கீழ் திறந்திருந்த கண்ணுக்குச் சுவர் மஞ்சள் பூத்திருக்கும், பொத்திய கண்ணுக்கு வெறும் வெள்ளை. மீன்காரர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை. ஆய்வுகூடத்துக்குக் காசில்லை என்று பள்ளிகளில் அரியத்தைக் கரும்பலகையில் வரைந்தே ஒளியியலை முடித்துவிடுகிறோம். இந்தப் பரிசோதனைக்குத் தேவை ஒரு தறப்பாள் மட்டும்.

சரி, கமராவுக்கு வருவோம். அதிலும் வகுக்கும் வேலை உண்டு, ‘வெண்சமநிலை’ என்று பெயர். ஆனால் எதனால் வகுப்பது என்று அதற்குத் தெரியாது, ஊகிக்க வேண்டும். பழைய ஊகம் ஒன்று உண்டு: காட்சியில் உள்ள நிறங்களையெல்லாம் கலந்தால் சாம்பல் நிறம் வரும். கடற்கரைக்கும் கோயிலுக்கும் ஓரளவு பொருந்தும். செத்தல் மிளகாய்ச் சாக்கைப் படச்சட்டம் நிறைய எடுத்தால் என்ன ஆகும்? ஒளியே சிவப்பு என்று நினைத்துக்கொண்டு மிளகாயை மங்கடித்துவிடும். இப்போதைய போன்கள் இதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஊகிக்கின்றன, ஆனாலும் ஊகம் ஊகம்தான்.

அதனால் ஊகிக்க விடாதீர்கள். ரெஜிபோம் பெட்டியும் சட்டத்துக்குள் வரும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு திருத்தும் செயலியில் வெள்ளையைத் தொட்டுக் காட்டும் சொட்டான் இருந்தால் பெட்டியில் வையுங்கள், மற்றப் படங்களுக்கும் அதே திருத்தம் போதும். போனில் ‘ப்ரோ’ முறை இருந்தால், பெட்டி வெள்ளையாகத் தெரியும்வரை வெண்சமநிலையை அங்கேயே நகர்த்தலாம். ஃபிளாஷ் வேண்டாம். ஈரமான செதில் பளீரென்று அடிக்கும்.

இந்த வித்தைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு வகுத்தல் ஓர் ஒளிக்குத்தான். திருகோணமலையில் வெயில் கடலிலிருந்து தாழ்வாகவே எழும்புகிறது, காலையில் தறப்பாளுக்கு அடியால் உள்ளே நுழைந்துவிடும். ஒருமுறை கழித்துப்போட்ட கோவா இலையைத் தின்ன வந்த புள்ளிமான் ஒன்று, உடம்பு நிழலிலும் தலை வெயிலிலுமாக நின்றது. மீனுக்குச் சரிசெய்தேன், மானின் தலை செவ்விளநீர் நிறமாகிவிட்டது. காத்திருந்தேன். மான் முழுவதுமாக நிழலுக்குள் வந்த பிறகே படம் தேறியது.

இன்னொரு காத்திருப்பும் உண்டு. கடைவாசலில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்குகிற இடத்தில், முதல் வியாபாரம் முடியும்வரை நான் கமராவை வெளியே எடுப்பதில்லை. கண்ணூறில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஒளி மீனில் பட்டுக் கமராவுக்கு வருகிறதே தவிர, கமராவிலிருந்து எதுவும் மீனுக்குப் போவதில்லை. ஆனால் கடை அவருடையது, கேட்காமல் எடுப்பது மரியாதையில்லை.

அப்படிக் காத்திருந்த ஒரு நாள்தான் பக்கத்துக் கடையின் தறப்பாளைக் கவனித்தேன். செம்மஞ்சள். அதன் கீழ் நேற்றைய மீனின் செவுளும் இன்று பிடித்ததுபோல் இருந்தது. வாங்குபவர் வெயிலில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்க்கிறார், அவர் கண் வகுப்பது வெளி ஒளியால். செம்மஞ்சள் அப்படியே மீனில் தங்கிவிடுகிறது. இப்படி நிறத்தை ஏமாற்றிக் காட்டும் விளக்குகளைச் சந்தைகளில் பாவிக்கச் சீனா 2023 டிசெம்பரிலிருந்து தடை விதித்திருக்கிறது. தறப்பாளுக்கு யார் சட்டம் போடுவது?

ரெஜிபோம் பெட்டியை வைத்துச் சரிசெய்த படத்தை அந்தச் செம்மஞ்சள் தறப்பாள் கடைக்கார நானாவிடம் காட்டினேன். செவுள் மண்ணிறமாக இருந்தது. போனை வாங்கி நன்றாகப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“தம்பி, படம் நல்லாத்தான் இருக்கு. மீன் வாங்க வாற ஆக்களுக்குக் காட்டிப் போடாதீங்க.”