ஹேக்கர்: கொந்துவதும் நோண்டுவதும்

முதலாண்டு விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, "நான் ஒரு ஹேக்கர் மாமா" என்று பெருமையாகச் சொன்னேன். "ஏன் மாப்ள, பேங்க் கணக்கையெல்லாம் உடைப்பியா?" என்று பதறினார். அவர் மேல் தப்பில்லை, செய்திகளில் அந்தச் சொல் அப்படித்தான் வருகிறது. ஆனால் நிரல் எழுதப் பழகும் எங்களில் பலர் அந்தப் பெயரை ஆசைப்பட்டு வைத்துக்கொள்வதற்குக் காரணம் வேறு.

ஆங்கிலத்தில் 'ஹேக்' என்றால் வெட்டுதல், கொத்துதல். மிகப் பழைய வினைச்சொல் அது. அதற்குப் புதுப்பொருள் வந்த இடம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் இருந்த மாணவர்களின் மாதிரி ரயில் மன்றம். மேசைக்கு மேலே குட்டி ரயில்கள் ஓடும். அடியில் தொலைபேசி ரிலேக்களும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) கம்பிகளும் பின்னிக் கிடக்கும். அந்த அடிப்பகுதியே கதி என்று சிலர் கிடந்தார்கள். மின்சுற்றில் 'ஹேக்' செய்பவர்கள் ஃபியூஸ் போகாமல் இருக்க மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்யவேண்டும் என்று 1955ஆம் ஆண்டின் கூட்டக் குறிப்பு ஒன்று சொல்கிறது. எனக்கு மிகப் பிடித்த சான்று இதுதான். இதில் திருட்டும் இல்லை, கணினியும் இல்லை. அப்புறம்தான் அவர்கள் கணினிப் பக்கம் போனார்கள். 1961இல் பிடிபி-1 என்ற கணினி எம்.ஐ.டி.க்கு வந்தது. மறு ஆண்டே ஸ்டீவ் ரஸ்ஸலும் நண்பர்களும் அதில் 'ஸ்பேஸ்வார்' விளையாட்டை எழுதி முடித்தார்கள். யாரும் கேட்டு எழுதியதில்லை.

கெட்ட பொருள் பின்னால் பத்திரிகைகள் கட்டிவிட்டது என்று எங்கள் ஆட்கள் சொல்வதுண்டு. அது முழு உண்மையில்லை. 1963இலேயே எம்.ஐ.டி. மாணவர் பத்திரிகை, தொலைபேசி இணைப்புகளில் விளையாடியவர்களை இதே சொல்லால் குறித்தது. 1983இல் மில்வாக்கி நகர இளைஞர்கள் சிலர் அமெரிக்க அணு ஆயுத ஆய்வகமான லாஸ் அலமோஸின் கணினிக்குள் நுழைந்து பிடிபட்டபோது அந்தப் பொருள் ஊரெல்லாம் பரவியது. 1993இல் வெளியான இணையச் சொற்கோவை, ஒரு அமைப்பின் உள்வேலையை நெருக்கமாக அறிவதில் மகிழ்பவரே ஹேக்கர் என்றும், அத்துமீறி நுழைபவரை 'கிராக்கர்' என்றே சொல்லவேண்டும் என்றும் எழுதியது.

சரி, தமிழில்? தமிழ் விக்கிப்பீடியாவில் 'கொந்தர்' என்ற சொல் இருக்கிறது. கொந்துதல் என்றால் கொத்துதல், குத்திக் கிளறுதல். அணில் கொந்திய பழம் என்கிறோமே, அதே கொந்துதல். மூலச்சொல்லின் வெட்டும் கொத்தும் அப்படியே கிடைப்பதால் எழுத்துக்கு இதுவே பொருத்தம் என்பேன். 'ஊடுருவி', 'இணையத் திருடர்' இரண்டையும் கிராக்கருக்கு விட்டுவிடலாம்.

ஆனால் பொருளுக்கு மிக அருகில் இருப்பது வீட்டிலேயே இருக்கும் வினைச்சொல்: நோண்டுதல். ரேடியோவைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளையை "சும்மா நோண்டாதே" என்கிறோம். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவரையும் "எதுக்கு நோண்டுற?" என்கிறோம். ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ந்த இரண்டு பொருளும் இந்த ஒரே வினையில் அடங்கியிருக்கின்றன. பெயர்ச்சொல்லாக 'நோண்டி' என்றால் மட்டும் 'நொண்டி' என்று காதில் விழும், அதனால் வேண்டாம்.

மாமாவிடம் கடைசியில் இப்படித்தான் சொன்னேன்: "நான் என் கம்ப்யூட்டரை நோண்டுறவன் மாமா, அடுத்தவங்க கணக்கை இல்ல."