லிட்மனன் கொடுக்காத பாஸ்

ஆம்ஸ்டர்டாமில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். கேள்வியைவிட அதற்கு முன்னால் எழுதியிருந்த கதை நன்றாக இருந்தது, அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அலுவலக நண்பர் வீட்டில் இரவு விருந்து. தட்டுகளை எடுத்து வைப்பதற்குள் பேச்சு உள்ளூர்க் கால்பந்து அணியான அயாக்ஸ் பக்கம் போய்விட்டது (அந்த ஊரில் வேறு எந்தப் பக்கம் போகும்). அயாக்ஸ் சட்டையைப் போட்டவர்களிலேயே பெரிய ஆட்டக்காரர் யார்? 1955இல் பிறந்த தாத்தா யோசிக்கவே இல்லை: யோஹன் க்ரைஃப், இதில் பேச என்ன இருக்கிறது. 1978இல் பிறந்த நண்பர், க்ரைஃப் சாமி, சாமியைப் போட்டியில் சேர்க்கக் கூடாது, மனிதர்களில் என்றால் யாரி லிட்மனன்தான் என்றார். கூடவே 1995 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் வெற்றி கோலுக்கு லிட்மனன் கொடுத்த பாஸை, மேசையிலிருந்த உப்பு ஜாடியையும் மிளகு ஜாடியையும் நகர்த்தி நகர்த்தி விளக்கினார். 2002இல் பிறந்த பையன் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, ஃப்ரெங்கி டி யோங் நடுக்களத்தில் பந்தோடு திரும்புகிற அழகுக்கு முன்னால் இதெல்லாம் எம்மாத்திரம் என்றான். அப்புறம் ஒரு மணி நேரம் சண்டை. வாசகர் கேட்டது இதுதான்: மூன்று பேரில் யார் சொல்வது சரி என்று அறிவியலால் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

முடியாது. மைதானம் வேறு, பந்து வேறு, விதிகள் வேறு, எதிரே நின்றவர்களின் உடல் தகுதி வேறு. ஆனால் வேறொன்று முடியும். ஆட்டக்காரர்களைப் பற்றி எதுவுமே தெரியாமல், பேசுகிறவர் பிறந்த வருடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அவர் வாயில் ஏறக்குறைய எந்தக் காலத்துப் பெயர் வரும் என்று ஊகிக்கலாம். பிறந்த வருடத்தோடு 17ஐக் கூட்டுங்கள். தாத்தாவுக்கு 1972: அந்த வருடம் ராட்டர்டாமில் இன்டர் மிலானை 2-0 என்று வென்று அயாக்ஸ் தொடர்ந்து இரண்டாவது முறை ஐரோப்பியக் கோப்பையை எடுத்தது, இரண்டு கோலும் க்ரைஃப். நண்பருக்கு 1995: வியன்னாவில் ஏசி மிலானை 1-0 என்று வென்ற வருடம். பையனுக்கு 2019: அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் இரண்டு கோல் முன்னிலையில் இருந்துவிட்டு, 90 நிமிடத்துக்கு மேல் சேர்த்துக் கொடுத்த நிமிடங்களின் கடைசி மூச்சில் லூகாஸ் மோராவின் மூன்றாவது கோலால் டாட்டன்ஹாமிடம் எல்லாம் பறிபோன வருடம். கோப்பை வந்ததா போனதா என்பது இந்தக் கணக்குக்குப் பொருட்டே இல்லை, கவனியுங்கள்.

17 என்ற எண்ணை நான் ஜோசியம் பார்த்துச் சொல்லவில்லை. ஸ்டீவ் யான்சன், டேவிட் ரூபின், மார்ட்டின் கான்வே என்ற மூன்று உளவியலாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு அது. நெதர்லாந்துக்காரர்கள் 619 பேரிடம், எல்லாக் காலத்துக்கும் சேர்த்து மிகச் சிறந்த ஐந்து கால்பந்து வீரர்களைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். க்ரைஃப், பெலே, மரடோனா மூவரும்தான் அதிகம் வந்தார்கள், அதில் வியப்பில்லை. ஆனால் ஒவ்வொரு வீரரின் ஆட்ட வாழ்க்கையின் நடுப்புள்ளியை எடுத்து, அந்த வருடம் பதில் சொன்னவருக்கு என்ன வயது என்று பார்த்தபோது, எல்லா வயதையும் முந்திக்கொண்டு நின்ற வயது 17.

உளவியலில் இதற்கு ரெமினிசென்ஸ் பம்ப் என்று பெயர், நாம் நினைவு மேடு என்று வைத்துக்கொள்வோம். நாற்பதைத் தாண்டிய யாரிடமாவது வாழ்க்கையில் நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதச் சொல்லி வயது வாரியாக வரைந்தால், பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட இடத்தில் கோடு மேடு தட்டி நிற்கும். பிடித்த பாட்டு, படித்த புத்தகம் எதைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். காரணமாகச் சொல்லப்படுபவை பல: எல்லாமே முதல் முறையாக நடக்கிற வயது, நான் யார் என்று நாமே முடிவுகட்டுகிற வயது, மூளை உச்சத்தில் இருக்கிற வயது. உணர்ச்சி பொங்கும் நேரத்தில் நார்அட்ரினலின் சுரந்து, அமிக்டலா என்ற பகுதி வழியாக அன்றைய நினைவை அழுத்திப் பதியவைக்கிறது என்பதும் நெடுநாளாகத் தெரிந்த விஷயம். இவையெல்லாம் பள்ளி உயிரியலை ஒட்டியவை, வேகமாகத் தாண்டிவிடலாம்.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. பதிந்த நினைவு அப்படியேவா இருக்கிறது?

வாசகரின் மின்னஞ்சலைப் படித்ததும் நான் செய்த முதல் வேலை, அந்த 1995 கோலைத் தேடிப் பார்த்தது. 85ஆம் நிமிடம். பதினெட்டு வயது பாட்ரிக் க்ளூய்வெர்ட், தடுமாறிக்கொண்டே காலை நீட்டித் தட்டிவிட்ட பந்து. அவருக்குப் பந்தைக் கொடுத்தது ஃப்ராங்க் ரைகார்ட். லிட்மனன் எங்கே? 70ஆம் நிமிடமே வெளியே போய்விட்டார். அவருக்குப் பதிலாக உள்ளே வந்தவர்தான் க்ளூய்வெர்ட். ஆக, உப்பு ஜாடிக்கும் மிளகு ஜாடிக்கும் நடுவில் முப்பது வருடமாகப் போய்க்கொண்டிருக்கும் அந்தப் பாஸ் வியன்னாவில் நடக்கவே இல்லை. நண்பர் பொய் சொல்லவில்லை. அவர் தலைக்குள் அது உண்மையாகவே ஓடுகிறது.

இது எப்படி என்பதற்கு ஓர் எலிக் கதை உண்டு. நீண்டகால நினைவு உருவாக வேண்டுமென்றால் நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடும் இணைப்புகள் பலப்பட வேண்டும், அதற்குப் புதுப் புரதங்கள் தேவை. புரதம் கட்டுவதை மருந்தால் தடுத்துவிட்டால் நினைவு நிலைக்காது. இது ஏற்கனவே தெரியும். ஒரு முறை கட்டி முடித்துவிட்டால் அப்புறம் அது கல்வெட்டு என்றுதான் பெரும்பாலோர் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2000இல் நியூயார்க்கில் ஜோசப் லெடூவின் ஆய்வகத்தில் இருந்த கரீம் நாடெர் இதைச் சோதித்தார். எலிக்கு ஒரு ஓசை, கூடவே ஒரு சின்ன ஷாக். மறுநாள் ஓசையை மட்டும் கேட்டாலே எலி பயத்தில் உறைந்து நிற்கும். அதாவது நினைவு கட்டி முடிந்துவிட்டது. இப்போது, அதாவது எலி அந்த நினைவை வெளியே எடுத்த அந்தக் கணத்தில், புரதத் தடை மருந்தான அனிசோமைசினை அமிக்டலாவில் செலுத்தினார். அடுத்த நாள் ஓசை கேட்டபோது எலிக்குப் பழைய பயம் இல்லை. ஓசையைக் கேட்கவைக்காமல், அதாவது நினைவை எழுப்பாமல், அதே மருந்தைக் கொடுத்தால் பயம் அப்படியே இருந்தது. நினைவை எழுப்பி ஆறு மணி நேரம் கழித்துக் கொடுத்தாலும் ஒன்றும் ஆகவில்லை.

இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். மருந்து கொடுக்கப்படாத சாதாரண எலியிலும் இதேதான் நடந்துகொண்டிருக்கிறது, என்ன, அங்கே புரதத்துக்குத் தடை இல்லை, அதனால் இளகிய நினைவு மறுபடி கட்டிக்கொள்கிறது. நினைப்பது என்றால் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பது இல்லை. எடுத்தாலே அது இளகுகிறது. சில மணி நேரத்துக்குள் புதிதாகப் புரதம் போட்டு மறுபடி கட்டினால்தான் உண்டு, கட்டும்போது அறையில் என்ன கிடக்கிறதோ அதுவும் உள்ளே போகலாம்.

ஓலைச்சுவடிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஓலை செல்லரிக்கும், உதிரும், அதனால் பிரதி எடுத்துக்கொண்டே இருந்தால்தான் நூல் பிழைக்கும். பிரதி எடுக்கிறவர் எங்காவது ஓர் எழுத்தை மாற்றுவார், தெரியாத சொல்லுக்குத் தெரிந்த சொல்லைப் போடுவார், ஆர்வம் மிகுந்தவராக இருந்தால் சொந்தமாக ஒரு பாட்டையே எழுதிச் செருகிவிடுவார். பழைய ஏடு ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போய்விடும். எலிக் கணக்குப்படி பார்த்தால், மூளையும் கடைசியாக எடுத்த பிரதியைத்தான் வைத்துக்கொள்கிறது போலிருக்கிறது. நம் நண்பர் முப்பது வருடத்தில் எத்தனை விருந்தில், எத்தனை டிராம் பயணத்தில் அந்தக் கோலைச் சொல்லியிருப்பார்? ஒவ்வொரு முறையும் ஒரு பிரதி. அந்த வயதின் நாயகன் லிட்மனன், அந்த வயதின் உச்ச நொடி அந்தக் கோல். இரண்டும் ஒரே பக்கத்தில் இல்லாதது கதைக்கு அழகாக இல்லை. ஏதோ ஒரு பிரதியில் இடைச்செருகல் விழுந்திருக்கிறது. எந்தப் பிரதியில் என்று அவராலும் சொல்ல முடியாது. ரசிகர்களின் வாதத்தில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான்: சாட்சியை எடுத்து வைக்க வைக்கச் சாட்சியே மாறிக்கொண்டிருக்கிறது, வாதாடுகிறவருக்கோ ஒவ்வொரு தடவையும் அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

எலியிலிருந்து மனிதனுக்கு வருவது லேசான வேலை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அனிசோமைசினை மனித மூளைக்குள் செலுத்த யாரும் விடமாட்டார்கள். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் மெரல் கிண்ட், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரையை வைத்து 2009இல் ஒரு சோதனை செய்தார். சிலந்திப் படத்தையும் ஷாக்கையும் இணைத்துப் பழக்கப்பட்டவர்கள், நினைவை எழுப்புவதற்கு முன் மாத்திரை போட்டுக்கொண்டபோது, ஷாக் வரும் என்பது அவர்களுக்கு ஞாபகம் இருந்தது, உடல்தான் திடுக்கிடவில்லை. பிற்பாடு செய்த சோதனைகளில் இது சில முறை வந்தது, சில முறை வரவில்லை. எந்த நினைவு எப்போது இளகும், எப்போது இளகாது என்ற சண்டை ஆய்வகங்களுக்கிடையே இன்னும் ஓயவில்லை. ஆக, நண்பரின் பாஸ் இந்தப் புரதக் கணக்கால் மட்டுமே உருவானது என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

ஆனால் மனித நினைவில் இடைச்செருகல் விழும் என்பதில் சந்தேகமே இல்லை. அதற்கு ஆதாரமும் அதே ஊரில்தான் இருக்கிறது, கொஞ்சம் துயரமான ஆதாரம். 1992 அக்டோபர் 4ஆம் தேதி எல் அல் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று ஆம்ஸ்டர்டாமின் பெய்ல்மர் பகுதியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல் விழுந்தது. 43 பேர் இறந்தார்கள். மோதிய நொடியை யாரும் படம் பிடிக்கவில்லை. பத்து மாதம் கழித்து ஹான்ஸ் கிராம்பக், வில்லெம் வாகனார், பீட்டர் வான் கோப்பன் மூவரும் ஆட்களிடம் போய், விமானம் கட்டடத்தில் மோதும் காட்சியை டிவியில் பார்த்தீர்களா என்று சும்மா கேட்டார்கள். 55 சதவீதம் பேர் பார்த்தேன் என்றார்கள். சிலர் எந்தக் கோணத்தில் வந்து மோதியது என்றுகூடச் சொன்னார்கள். அயாக்ஸ் இப்போது விளையாடும் அரங்கம், க்ரைஃப் பெயர் தாங்கியது, 1996இல் திறக்கப்பட்டது அதே தென்கிழக்கு ஆம்ஸ்டர்டாமில்தான்.

619 பேரிடம் யார் நல்ல பிளேயர் என்று கேட்பதற்குப் பெயர் ஆராய்ச்சியா, இதற்கும் காசு கொடுப்பார்களா என்று கேட்பவர்கள் இருப்பார்கள், எனக்குத் தெரியும். விமானக் கேள்வியைக் கேட்ட மூவரும் நீதிமன்றச் சாட்சியங்களை ஆராய்ந்தவர்கள் என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். கண்ணால் கண்டேன் என்ற ஒற்றைச் சொல்லை நம்பி மனிதர்களை உள்ளே தள்ளுகிற உலகத்தில், நினைவு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஆகும் செலவு பைசாவுக்குச் சமம். பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கும் என்று சொல்லும் மிட்பிரெய்ன் வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டுகிற நாம், இதில் கணக்குப் பார்ப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

தாத்தாவை மறந்துவிட்டேனே. அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டாம்: பதினோரு வயதில் அப்பாவோடு போய் 1966 டிசம்பர் 7 ஆட்டத்தை நேரில் பார்த்தவர். ஒலிம்பிக் அரங்கில் அயாக்ஸ் லிவர்பூலை 5-1 என்று நொறுக்கிய ஆட்டம், க்ரைஃபுக்கு அப்போது 19 வயது. நெதர்லாந்தில் இதன் பெயரே பனிமூட்ட ஆட்டம். ஒரு கோல் கம்பத்தின் பக்கம் இருந்தவர்களுக்கு மறு கம்பம் தெரியாத அளவுக்கு மூட்டம். லிவர்பூல் பயிற்சியாளர் பில் ஷாங்க்லி ஆட்டம் நடக்கும்போதே மைதானத்துக்குள் நடந்து போய்த் தன் ஆட்களிடம் பேசிவிட்டு வந்தார், நடுவர் பார்க்கவே இல்லை என்று ஒரு கதை உண்டு. அந்த மூட்டத்துக்குள் க்ரைஃப் கோல் அடித்தபோது பந்து எந்தக் காலிலிருந்து கிளம்பியது என்பதுவரை தாத்தா சொல்கிறாராம். இங்கே என்னிடம் ஒப்பிட்டுப் பார்க்க வேறு சுவடி இல்லை, விட்டுவிடுகிறேன்.

பையன் கதை இனிமேல்தான் தொடங்கும். ஆனால் அவனும் க்ரைஃபைப் பற்றி மரியாதையாகத்தான் பேசுகிறான், இத்தனைக்கும் பார்த்ததே இல்லை. பாட்டு விஷயத்தில் இதை 2013இல் கரோல் க்ரம்ஹான்ஸல் காட்டியிருக்கிறார்: இருபது வயதுக்காரர்களுக்குத் தங்கள் காலத்துப் பாட்டோடு, பெற்றோரின் இளமைக் காலத்துப் பாட்டின் மேலும் ஒரு மேடு இருக்கிறது, வீட்டில் கேட்டே வளர்ந்ததால். ஃபுட்பாலும் அப்படி இறங்கி வருகிறது என்றே நினைக்கிறேன்.

இதையெல்லாம் சுருக்கமாக வாசகருக்கு எழுதி, அந்தக் கோலின் வீடியோவையும் அனுப்பினேன். நண்பரிடம் காட்டினாராம். அவர் மூன்று தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, சரி, ரைகார்ட்தான், நான்தான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து இன்னொரு விருந்து, அதே மேசை, அதே உப்பு ஜாடி. இப்போது மிளகு ஜாடி ரைகார்டாம், அது க்ளூய்வெர்டுக்குக் கொடுக்கிறது. மிளகு ஜாடிக்குப் பந்தைக் கொடுத்தது யார் என்று பையன் கேட்டிருக்கிறான்.

லிட்மனன்தான், வேறு யார் என்றாராம்.